சைபர் கிரைம் கேஸ்ல பேர் வந்துடுச்சா? பயத்துல இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

நான் ஒரு வக்கீல். சைபர் கேஸ்ல அக்யூஸ்ட்டா எங்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஹேக்கிங்னா என்னன்னே தெரியாது. காலேஜ் பையன், மளிகைக்கடை வச்சிருக்கிறவர், வேலை தேடிட்டிருந்த பொண்ணு, இப்படித்தான் வர்றாங்க. டெலிகிராம்ல யாரோ "உங்க பேங்க் அக்கவுண்ட்டை கொஞ்ச நாளைக்குக் கொடுங்க, வர்ற பணத்துல கமிஷன் தர்றோம்"னு சொல்லியிருப்பாங்க, இவங்களும் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சில பேர் சிம் கார்டையும் சேர்த்தே கொடுத்திருப்பாங்க, அப்புறம் எங்கயோ ஒரு ஊர்ல ஒரு பெரியவர் ஏமாந்து அனுப்பின ரிட்டயர்மென்ட் பணம் இந்த அக்கவுண்ட்ல விழுந்து சில நிமிஷத்துல அடுத்த அக்கவுண்ட்டுக்குப் போயிருக்கும். அந்தப் பெரியவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் கொடுத்ததும் போலீஸ் கண்ணுல முதல்ல படுறது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அந்தப் பேர்தான். பின்னாடி இருந்து ஆட்டி வச்சவன் எங்க இருக்கான்னு அந்த நேரத்துல யாருக்குமே தெரியாது.

பணத்தை இழந்தவரோட வலி ரொம்பப் பெருசு, அதை ஒருநாளும் நான் சின்னதா பேச மாட்டேன். அதே சமயம் விஷயம் தெரியாம அக்கவுண்ட்டைக் கொடுத்தவனையும் கும்பலை நடத்தினவனையும் சட்டம் ஒரே தட்டுல வைக்கக் கூடாது. அந்த வித்தியாசத்தைக் காட்டுற ஆதாரத்துல பாதி உங்க போன்லயே இருக்கும். முதல் ரெண்டு மூணு நாள் பயத்துல அதை நீங்களே அழிச்சிடுறீங்க, எனக்கு மனசு ஆறாத விஷயம் இதுதான், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன்ல இருக்கிறதை டெலீட் பண்றது

அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆச்சுன்னு மெசேஜ் வந்ததும் கை தானா போனுக்குப் போகும். டெலிகிராம் சாட்டை அழி, வாட்ஸ்அப் குரூப்ல இருந்து வெளிய வா, போனை ரீசெட் பண்ணு, சிம்மை உடைச்சுப் போடு. ஃப்ரெண்டுங்களும் இதையேதான் சொல்லுவாங்க.

கோர்ட்ல இது எப்படி வந்து நிக்கும்னு சொல்றேன். அந்தப் பக்கத்து ஆளோட போன் மாட்டியிருந்தா அதுல இருந்து எடுத்த சாட் பிரிண்ட் ஃபைல்ல இருக்கும். அவன் அனுப்பினது எல்லாம் அப்படியே இருக்க, உங்க பக்கம் மட்டும் "இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது", "இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது"னு வரிசையா ஒரு பக்கம் முழுக்க ஓடும். அக்கவுண்ட் ஃப்ரீஸ் ஆன அதே நாள் உங்க போன் ரீசெட் ஆனதும் ஃபாரன்சிக்ல தெரிஞ்சிடும். தெரியாம மாட்டினவன் எதுக்கு அழிக்கணும்னு அரசு வக்கீல் கேட்டா நான் என்ன பதில் சொல்ல முடியும்? போதாக்குறைக்கு ஆதாரத்தை அழிச்சதுக்குன்னு பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 238 தனியா வந்து சேரும்.

அந்த சாட்லதான் "இது கேமிங் கம்பெனி பணம், டாக்ஸ் பிரச்சனைக்காக உங்க அக்கவுண்ட் வேணும்"னு அவன் சொன்ன பொய் இருந்திருக்கும். "பணம் எங்க இருந்து வருது, பிரச்சனை ஒண்ணும் வராதே"னு நீங்க கேட்டதும் அதுலதான் இருந்திருக்கும். ஏமாத்தணும்ங்கிற எண்ணம் உங்களுக்கு இருந்துச்சான்றதுதான் சீட்டிங் கேஸோட உயிர், அந்த எண்ணம் இல்லைன்னு காட்ட அதை விட நல்ல சாட்சி கிடைக்காது.

அதனால போனை இருக்கிற மாதிரியே வைங்க. ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்துட்டு போனை வித்துடாதீங்க, ஏன்னா எலக்ட்ரானிக் ஆதாரத்தை கோர்ட்ல கொடுக்கணும்னா சாட்சியச் சட்டம் பிஎஸ்ஏ செக்ஷன் 63 படி சர்டிஃபிகேட் வேணும், அதுல ஹாஷ் வேல்யூ (ஃபைலை யாரும் மாத்தலைன்னு காட்டுற கைரேகை மாதிரியான எண்) போடணும், நிபுணர் கையெழுத்துப் போடுற பகுதியும் இருக்கு. பழைய சாட்சியச் சட்டத்துல இதே விஷயத்தைச் சொன்ன 65பி பத்தி 2020ல அர்ஜுன் பண்டிட்ராவ் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ரொம்பத் தெளிவா சொல்லிடுச்சு, ஒரிஜினல் கருவியையே கோர்ட்ல கொண்டு வந்து காட்டினா ஒழிய காப்பிக்கு சர்டிஃபிகேட் கட்டாயம்னு. இது போலீஸுக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும்.

வெளிய இருக்கிற ஆதாரத்துக்கும் ஆயுசு கம்மி. ஏடிஎம்ல பணம் எடுத்தது நீங்க இல்லைன்னா அந்த சிசிடிவி உங்களைக் காப்பாத்தும், ஆனா அது கொஞ்ச நாள்ல மேல மேல பதிவாகி அழிஞ்சிடும். எந்த ஐபி அட்ரஸ்ல இருந்து நெட் பேங்கிங் திறந்தாங்க, ஓடிபி எந்த நம்பருக்குப் போச்சு, ரெஜிஸ்டர்டு மொபைல் நம்பரை எப்ப மாத்தினாங்க, இதெல்லாம் பேங்க்ல இருக்கும். வக்கீல் மூலமா சீக்கிரம் பேங்குக்கு லெட்டர் கொடுத்து இதைப் பத்திரமா வைக்கச் சொல்லணும், தேவைப்பட்டா பிஎன்எஸ்எஸ் (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 94ல கோர்ட்டுக்கே போய் கேக்கணும். ஆறு மாசம் கழிச்சு வந்து "சார், ஏடிஎம்ல நின்னது நான் இல்ல"ன்னா காட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் இருக்காது.

வந்த நோட்டீஸை கண்டுக்காம விடுறது

பிஎன்எஸ்எஸ் செக்ஷன் 35(3) நோட்டீஸ்னு ஒண்ணு வரும், பழைய சிஆர்பிசி 41ஏ தான் இது. ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை உள்ள குற்றத்துல உடனே அரெஸ்ட் பண்ணாம முதல்ல கூப்பிட்டு விசாரிக்கிறதுக்கான வழி. 2014 அர்னேஷ் குமார் தீர்ப்புல இருந்து இதுக்கு நல்ல பலம் இருக்கு. நோட்டீஸ்படி போய் ஒத்துழைச்சா, காரணம் எழுதி வைக்காம உங்களை அரெஸ்ட் பண்ணக் கூடாது. போகாம இருந்தா அதுவே அரெஸ்ட்டுக்குக் காரணமாயிடும்.

இப்ப வர்ற குழப்பம் என்னன்னா, வாட்ஸ்அப்ல நோட்டீஸ் அனுப்பக் கூடாதுன்னு 2025 ஜனவரில சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அதைப் படிச்சுட்டு "வாட்ஸ்அப்ல வந்தது செல்லாது"ன்னு தூங்கிடுறாங்க. இன்னொரு பக்கம் டிஜிட்டல் அரெஸ்ட்னு பயமுறுத்துற திருட்டு கும்பலும் இதே மாதிரி முத்திரை போட்ட பேப்பர்தான் அனுப்புது. அதனால நோட்டீஸ்ல இருக்கிற நம்பருக்குக் கூப்பிடாதீங்க, அந்த ஸ்டேஷனோட நம்பரை நீங்களா தேடி எடுத்து, கிரைம் நம்பர் சொல்லி, அப்படி ஒரு கேஸ் இருக்கான்னு கேளுங்க. தமிழ்நாட்டு கேஸ்னா போலீஸ் வெப்சைட்லயே எஃப்ஐஆர் பார்க்கலாம். கேஸ் நிஜம்னா, நோட்டீஸ் எந்த வழில வந்திருந்தாலும் வக்கீல் மூலமா எழுத்துல பதில் போகணும், ரிஜிஸ்டர் தபால்லயும் மெயில்லயும்.

வெளி மாநில போலீஸ் கூப்பிட்டா இன்னும் பயம். குஜராத், தெலங்கானா, கேரளான்னு எங்க இருந்து வேணா வரலாம், ஏன்னா ஏமாந்தவர் எங்க இருக்காரோ அங்க எஃப்ஐஆர் போடுவாங்க. அரெஸ்ட் ஆயிடுவோம்னு நியாயமான பயம் இருந்தா இங்கயே நம்ம கோர்ட்ல டிரான்சிட் முன்ஜாமீன் கேக்கலாம், 2023 நவம்பர்ல பிரியா இந்தோரியா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு வழி விட்டிருக்கு. ஆனா அது கொஞ்ச நாளைக்குத்தான், அந்த ஊர் கோர்ட்டுக்குப் போற வரைக்கும் ஒரு இடைக்கால பாதுகாப்பு.

ஐடி ஆக்டை மட்டும் படிச்சுட்டு தைரியமா இருக்கிறது

ஐடி ஆக்ட்ல 66சி (அடுத்தவங்க பாஸ்வேர்டு, அடையாளத்தைத் திருடி உபயோகிக்கிறது), 66டி (கம்ப்யூட்டர், போன் வழியா ஆள்மாறாட்டம் பண்ணி ஏமாத்துறது) ரெண்டுமே மூணு வருஷம் வரைக்கும் தண்டனை, ஐடி ஆக்ட் 77பி படி ஜாமீன்ல விடக்கூடிய குற்றம். இதை கூகுள்ல பார்த்துட்டு "பெயிலபிள் தானே"ன்னு முன்ஜாமீனே போடாம இருக்காங்க. எஃப்ஐஆரைக் கடைசி வரை படிங்க. கூடவே பிஎன்எஸ் 318(4) இருக்கும், பழைய 420, ஏழு வருஷம், நான்பெயிலபிள். சில கேஸ்ல 111, அதாவது ஆர்கனைஸ்டு கிரைமும் சேர்க்கிறாங்க, அதுல குறைஞ்சபட்சமே அஞ்சு வருஷம். ஆனா 111 நிக்கணும்னா அதுக்குன்னு அளவுகோல் இருக்கு, கடந்த பத்து வருஷத்துல ஒண்ணுக்கு மேல சார்ஜ்ஷீட் போட்டு கோர்ட் அதை எடுத்துக்கிட்டிருக்கணும்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. முதல் தடவை மாட்டின ஒரு காலேஜ் பையன் மேல அதைப் போட்டா பெயில் மனுல முதல் பாயின்ட்டே இதுதான்.

நம்ம ஊர்ல இன்னொரு ஆபத்து குண்டாஸ், அதாவது தடுப்புக்காவல் சட்டம். 1982 சட்டத்துல 2014ல சைபர் குற்றவாளிகளையும் சேர்த்துட்டாங்க. அதுல போட்டுட்டா அசல் கேஸ்ல ஜாமீன் கிடைச்சும் வெளிய வர முடியாது, ஒரு வருஷம் வரை உள்ள வைக்கலாம். அட்வைசரி போர்டு முன்னாடி பேசுறது, ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடுறதுன்னு அதுக்கு வழியே வேற. ஒரு ஸ்டேஷன்ல ஒரு கேஸ்னு நினைச்சுட்டு இருக்காம, உங்க அக்கவுண்ட் மேல நாடு முழுக்க எத்தனை கம்ப்ளைன்ட் இருக்குன்னு பேங்க்ல எழுத்துல கேட்டு வாங்குங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒப்புகை நம்பரும் மாநிலமும் இருக்கும். ஒரு கேஸ்ல பெயில் வாங்கி ஜெயில் வாசலுக்கு வர்றதுக்குள்ள அடுத்த மாநில போலீஸ் பிடி வாரண்ட்டோட (ஜெயில்ல இருக்கிறவரைத் தங்க கேஸுக்குக் கொண்டுபோற உத்தரவு) நிக்கிறது நடக்கிற விஷயம்தான்.

கேட்ட இடத்துல எல்லாம் கையெழுத்து

ஸ்டேஷன்ல பேச வேண்டியதை விட அதிகமா பேசுறதும், வெறும் வெள்ளைத்தாள்ல கையெழுத்துப் போடுறதும் ரொம்ப சகஜமா நடக்குது. போலீஸ்கிட்ட கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் உங்களுக்கு எதிரா செல்லாதுங்கிறது உண்மை. ஆனா நீங்க சொன்னதை வச்சு ஒரு பொருளோ சிம்மோ கண்டுபிடிச்சா அந்தப் பகுதி மட்டும் செல்லும், இதை யாரும் சொல்லித் தர்றதில்லை. விசாரணை நடக்கும்போது வக்கீலைப் பார்க்கிற உரிமை பிஎன்எஸ்எஸ் 38ல இருக்கு, முழு நேரமும் பக்கத்துலயே உக்கார வைக்க முடியாது, ஆனா பார்க்கலாம், கேளுங்க.

போனைப் பறிமுதல் பண்ணினா மகஜர்ல, அதாவது பறிமுதல் பண்ணினதை எழுதுற பேப்பர்ல, என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க. மாடல், ஐஎம்இஐ, உள்ள இருந்த சிம், போன் ஆன்ல இருந்துச்சா ஆஃப்ல இருந்துச்சா, எத்தனை மணி. இப்ப பிஎன்எஸ்எஸ் செக்ஷன் 105 படி சோதனையும் பறிமுதலும் வீடியோ எடுக்கணும், எடுத்தாங்களா இல்லையான்னு மனசுல குறிச்சு வச்சுட்டு வந்து வக்கீல்கிட்ட சொல்லுங்க. பாஸ்வேர்டு கொடுத்தே ஆகணுமான்னு கேட்டா கோர்ட்டுங்க ரெண்டு விதமா சொல்லியிருக்கு, அதனால அதை அங்க நின்னுட்டு நீங்களா முடிவு பண்ண வேண்டாம், வக்கீலைக் கேட்டுட்டு சொல்றேன்னு மரியாதையா சொல்லுங்க.

பணத்தைக் கொடுத்து முடிச்சுடலாம்னு ஓடுறது

அம்மா நகையை அடகு வச்சு, கம்ப்ளைன்ட் கொடுத்தவரோட நம்பரைத் தேடிப் பிடிச்சு நேரா பணத்தைப் போட்டுடுறாங்க. பணம் போயிடும், கேஸ் அப்படியே நிக்கும். சீட்டிங் கேஸ்ல சமரசம் பண்ணலாம், ஆனா கோர்ட் அனுமதியோடதான், இல்லைன்னா ஹைகோர்ட்ல பிஎன்எஸ்எஸ் 528 மனு போட்டு ரத்து பண்ணணும். நீங்களா போன் பண்ணிப் பேசினா சாட்சியை மிரட்டினான்னு சொல்லி ஜாமீனே ரத்தாகலாம். எழுத்து இல்லாம, வக்கீல் இல்லாம ஒரு ரூபா கூட கைமாறக் கூடாது. ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கிட்டு "நான் முடிச்சுத் தர்றேன்"ங்கிற ஆளுங்ககிட்ட ஏமாந்தவங்களைப் பார்த்தா வயிறு எரியுது.

அக்கவுண்ட் முழுசா ஃப்ரீஸ் ஆனதுக்கும் தனி வழி இருக்கு. 2024ல சென்னை ஹைகோர்ட், சந்தேகப்பட்ட தொகையை மட்டும் நிறுத்தி வச்சுட்டு மிச்சத்தை உபயோகிக்க விடணும்னு உத்தரவு போட்டிருக்கு. சம்பளப் பணம் மாட்டிக்கிட்டவங்க இதைக் காட்டிக் கேக்கலாம்.

"நான் ஃபார்வேர்டு தானே பண்ணினேன்"

இது வேற வகை கேஸ், சுருக்கமா சொல்லிடுறேன். அழிச்சுட்டேன், மன்னிப்பும் கேட்டுட்டேன், அப்புறம் என்ன கேஸ்னு கேக்கறாங்க. 2018ல பெண் பத்திரிகையாளர்களைப் பத்தின பதிவை ஷேர் பண்ணின விஷயத்துல நடிகர் எஸ்.வி.சேகரும் அழிச்சார், மன்னிப்புக் கேட்டார், ஆனா 2023ல ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் கேஸை ரத்து பண்ண மறுத்துடுச்சு. அதே மாதிரி குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆபாச வீடியோ கேஸ்ல "டவுன்லோடு மட்டும்தான், யாருக்கும் அனுப்பலை"ன்னா குற்றமாகாதுன்னு 2024 ஜனவரில வந்த சென்னை ஹைகோர்ட் உத்தரவை இன்னும் எடுத்துட்டு வர்றாங்க. அதை அதே வருஷம் செப்டம்பர் 23ல சுப்ரீம் கோர்ட் தள்ளிடுச்சு. பழைய நியூஸை நம்பி வாதத்தைக் கட்டாதீங்க.

வக்கீல்கிட்ட பாதி உண்மை

கமிஷன் வாங்கினதை மறைக்கிறாங்க. எவ்வளவு வாங்கினீங்கன்னு ஸ்டேட்மென்ட்ல வரி வரியா இருக்கு, ஐஓ (விசாரணை அதிகாரி) கையில ஏற்கனவே அது இருக்கு, என்கிட்ட மட்டும் இல்லைன்னா கோர்ட்ல நான் தலை குனிஞ்சு நிக்கணும், கஷ்டம் உங்களுக்கு. கமிஷன் வாங்கினதாலயே எல்லாம் முடிஞ்சு போகலை, எதுக்குன்னு சொல்லி வாங்கினீங்கங்கிறதுதான் கேள்வி, ஆனா அதை முதல்லயே தெரிஞ்சுக்கிட்டாத்தான் ஒழுங்கா வாதாட முடியும்.

உள்ள போயிட்டவங்க வீட்டுல இருக்கிறவங்க தேதியைக் குறிச்சு வைங்க. 318(4) மாதிரி கேஸ்ல ரிமாண்ட் ஆனதுல இருந்து 60 நாளைக்குள்ள சார்ஜ்ஷீட் போடலைன்னா ஜாமீன் உரிமையாவே கிடைக்கும், ஆயுள் வரை போற செக்ஷன் சேர்ந்திருந்தா 90 நாள். ஆனா தானா வெளிய விட மாட்டாங்க, மனு போடணும், சார்ஜ்ஷீட் வந்ததுக்கு அப்புறம் போட்டா அந்த உரிமை போச்சு. வக்கீலுக்கு கொடுக்கக் காசு இல்லைன்னு அந்த மனுவைப் போடாம விட்டவங்க இருக்காங்க. காவல்ல இருக்கிற யாரா இருந்தாலும், வருமானம் எவ்வளவா இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு, பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வெளிய இருந்தாலே உண்டு. 15100க்கு கூப்பிடலாம், இல்லைன்னா மாவட்ட கோர்ட் வளாகத்துல இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்கு எஃப்ஐஆர் காப்பி, ரிமாண்ட் தேதி, ஜெயில் பேர் மூணையும் எழுதி எடுத்துட்டு நேராப் போங்க.