அரை டாலரைத் தேய்க்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள்

பழைய அமெரிக்க வெள்ளி அரை டாலர் ஒன்று கைக்கு வந்ததும் நம்மில் பலருக்கு முதலில் தோன்றுவது, கறுத்துப்போயிருக்கிறதே, கொஞ்சம் தேய்த்துவிடலாமே என்பதுதான். பூஜை அறைக் குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் துலக்கிப் பழகிய கை அப்படித்தான் நினைக்கும். தயவுசெய்து வேண்டாம். புளி, பற்பசை, சமையல் சோடா எதுவுமே வேண்டாம்.

காரணம் இதுதான். அச்சு வந்து அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த ஓட்டத்தின் கோடுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் நாணயத்தின் மேற்பரப்பில் தங்கிவிடுகின்றன. விளக்கடியில் நாணயத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பினால் ஒளிக்கற்றை ஒன்று சக்கரத்தின் ஆரம்போலச் சுழன்று வருமே, அதைத் தருவது இந்தக் கோடுகள்தான். ஒருமுறை தேய்த்தால் அவை போய்விடும். மிஞ்சுவது ஒரு வெற்று மினுக்கமும், ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்களும்தான். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தர நிர்ணய நிறுவனங்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டால் எண் தரம் தராமல், ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடும். கறுப்போ நீலமோ ஏறியிருப்பது காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்ததால் வந்தது, பெரும்பாலும் அது ஒரு குறையே இல்லை. அழகாக நிறம் ஏறிய நாணயத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கிறவர்கள்கூட உண்டு.

ஒரே விதிவிலக்கு, பிவிசி கலந்த மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் பல வருடம் கிடந்து பச்சைப் பிசுக்குப் படிந்த நாணயம். அதைச் சுத்தமான அசிட்டோனில் (நகப்பூச்சு நீக்கி அல்ல, அதில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும்) கண்ணாடிக் கிண்ணத்தில் ஊறவைத்து, தேய்க்காமல், புது அசிட்டோனில் ஒருமுறை அலசி எடுக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

சரி, வாங்கும்போது நடப்பவை. ‘கென்னடி அரை டாலர் என்றாலே வெள்ளி’ என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. 1964இல் வந்தது 90 சதவீத வெள்ளி, எடை 12.5 கிராம். 1965 முதல் 1970 வரை 40 சதவீதம், 11.5 கிராம். 1971இலிருந்து புழக்கத்துக்கு வந்தவற்றில் வெள்ளியே கிடையாது, 11.34 கிராம். பின்னால் சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடித்த வெள்ளிப் பதிப்புகள் வேறு கணக்கு. முதலில் ஆண்டைப் பாருங்கள், அப்புறம் விளிம்பில் செம்பு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள், 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மின்ட் மார்க், அதாவது எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் சின்ன எழுத்து. 1965, 66, 67இல் எந்த நாணயச்சாலையும் குறி போடவில்லை, ஆகவே ‘குறி இல்லாத அபூர்வப் பிழை’ என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். சுதந்திர தேவி நடந்து வருவதுபோல் இருக்கும் வாக்கிங் லிபர்டி வகையில் (1916–1947, வடிவமைத்தவர் அடால்ஃப் வைன்மன்) குறி 1916இல் முன்பக்கம் இருந்தது, 1917இன் நடுவில் பின்பக்கத்துக்குப் போனது. அதனால் 1917க்கு இரண்டு வகையும் உண்டு. 1938இல் டென்வரில் அடித்தவை 4,91,600 மட்டுமே என்பதால், குறி இல்லாத சாதாரண ஃபிலடெல்ஃபியா நாணயத்தில் டென்வரின் ‘டி’ எழுத்தை ஒட்டி விற்கிற வேலையும் நடக்கிறது. எழுத்தின் அடியைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள், சுற்றிலும் கோடோ நிறமாற்றமோ இருந்தால் சந்தேகப்படுங்கள். 1921 டென்வர் நாணயம் இன்னும் குறைவு, 2,08,000. இந்த மாதிரி விலையுயர்ந்தவற்றைத் தரச்சான்று இல்லாமல் வாங்குவது சூதாட்டம் என்பது என் கருத்து.

தரம் பார்ப்பதில் எல்லோரும் தடுமாறுகிற இடம் தேய்மானத்தையும் மங்கலான அச்சையும் குழப்பிக்கொள்வது. 1 முதல் 70 வரையிலான அளவுகோலை நெட்டுருப் போட்டால் மட்டும் இது வராது. 1940களின் சான் ஃபிரான்சிஸ்கோ வாக்கிங் லிபர்டிகளில், குறிப்பாக 1941இல், தேவியின் தலையும் கிளையை ஏந்திய இடது கையும் சப்பையாக இருப்பது சர்வசாதாரணம். பார்த்தவுடன் ‘தேய்ந்தது’ என்று தள்ளிவிடத் தோன்றும். சாய்த்துப் பாருங்கள். தேய்ந்திருந்தால் அந்த மேட்டில் பளபளப்பு அறுந்து மங்கிய சாம்பல் நிறம் தெரியும், அச்சு மங்கலாக விழுந்திருந்தால் ஒளி தடையில்லாமல் அதன்மேலும் ஓடும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் முகம் பதித்த வகையில் (1948–1963) பின்பக்க மணியின் அடியில் ஓடும் கோடுகளைப் பார்க்க வேண்டும். அவை அறுபடாமல் முழுதாக இருந்தால் தனி மதிப்பு. 1953 சான் ஃபிரான்சிஸ்கோ நாணயம் அப்படிக் கிடைப்பது மிக அரிது. ஃபிராங்க்ளினின் கன்னத்தில் மெல்லிய இணைகோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் ஆல்பத்தின் பிளாஸ்டிக் தகட்டை இழுத்து மூடியபோது விழுந்தவை. அட்டை உறையின் ஸ்டேப்பிள் பின்னும் இப்படியே கீறும், பின்னை எடுத்த பிறகுதான் நாணயத்தை எடுக்க வேண்டும்.

படம் எடுப்பதிலும் இதே ஒளிதான் சிக்கல். ஃபிளாஷ் நேராக அடித்தால் வெள்ளி வெளுத்துப்போய் ஒரு தட்டுமாதிரி தெரியும். வெள்ளைத் துணியால் ஒளியை முழுக்க வடிகட்டினால் நாணயம் சாம்பல் பூசியதுபோல் ஆகிவிடும், பளபளப்பும் கீறலும் சேர்ந்தே மறைந்துவிடும். (சில விற்பனையாளர்களுக்கு அதுதான் வேண்டும்.) ஒரே நிறத்து எல்ஈடி விளக்கு இரண்டை, கடிகாரத்தில் 10, 2 இருக்கும் இடங்களில், உயரமாக வைத்து ஆரம்பியுங்கள், பிறகு ஒன்றை அங்குலம் அங்குலமாக நகர்த்தி முகத்தின் மேல் ஒளி எங்கே உயிர்பெறுகிறது என்று பாருங்கள். போனை நாணயத்துக்கு மேல் ஒட்டிப் பிடிக்காதீர்கள்: நிழல் விழும், வட்டம் கோணலாகும். ஒரு ஸ்டாண்டில் தள்ளி வைத்து 2 மடங்கு ஜூம் போட்டு, டைமரில் எடுத்தால் கை நடுக்கமும் வராது. ஒயிட் பேலன்ஸை (கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் வெள்ளி ஒவ்வொரு நிறமாக வரும். சாம்பல் அட்டையை வைத்து ஒருமுறை பூட்டிவிடுங்கள். நிறத்தை எடிட்டிங்கில் ஏற்றுவது சுத்த ஏமாற்று வேலை.

தர நிர்ணய நிறுவனம் மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டியில், அதாவது ஸ்லாபில், இருக்கும் நாணயம் என்றால் பிரதிபலிப்பு தொல்லை தரும், ஸ்லாபின் ஒரு விளிம்பை மட்டும் லேசாக உயர்த்தினால் போதும். அப்புறம் நீங்கள் இணையத்தில் வாங்குகிற பக்கம் இருந்தால், விளக்கை இடம் மாற்றி எடுத்த இன்னொரு படம் கேளுங்கள். தர மறுத்தால் அந்த நாணயத்தை விட்டுவிடுங்கள், பழைய அரை டாலர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன.