நிதிப் பொருளியலில் நம் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

காரைக்குடிப் பக்கம் பி.ஏ. பொருளியல் படிக்கும் பிள்ளைகள் பலர், நிதிப் பொருளியலைப் பங்குச் சந்தைப் பயிற்சி என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எந்தப் பங்கு ஏறும் என்று அந்தத் தாள் சொல்லாது. பின்னால் வரப்போகும் பணத்துக்கு இன்று என்ன மதிப்பு, இடருக்கு எவ்வளவு கூடுதல் வருமானம் கேட்கலாம் என்பதே அதன் கேள்வி.

முதல் சறுக்கல் வட்டியில். ஒரு லட்சம் கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, அசலும் வட்டியுமாக மாதம் 9,333 ரூபாய் வீதம் 12 தவணை. ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அசல் மாதாமாதம் குறைகிறது, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் போகிறது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு 1.79 சதவீதம், ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 வரும். சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பணத்தைப் பல இடத்தில் பிரித்துப் போட்டால் இடர் போய்விடும் என்று நம்புவது. முதலீட்டைப் பிரித்துப் போடுவதற்குக் கணக்கு வகுத்த பொருளியலாளர் மார்க்கோவிட்ஸ் 1952-இல் சொன்னது அதுவல்ல. எத்தனை இடத்தில் போட்டோம் என்பதோடு, அவை சேர்ந்து விழுமா என்பதையும் பார்க்கச் சொன்னார். இதற்கு நம் ஊர் வரலாற்றைவிட நல்ல பாடம் கிடையாது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்), ஏராளமான விவசாயிகளுக்குக் கடன் கொடுத்திருந்தார்கள். கடனாளிகள் பலர், பயிரோ ஒன்றுதான். 1930-இல் நெல் விலை சரிந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை முடங்கியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1930-களின் கடைசியில் அது 25 சதவீதம். பணமாகத் திரும்ப வேண்டியது வயலாக வந்து முடங்கிக் கிடந்தது. உடன்மாறுபாடு, அதாவது இரண்டு சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, என்றால் என்னவென்று இதைப் படித்தால் மறக்கவே மறக்காது.

புள்ளியியலைத் தள்ளிப்போடுவதும் தவறுதான். அது இல்லாமல், சந்தை அசையும்போது ஒரு பங்கு எவ்வளவு அசைகிறது என்று சொல்லும் பீட்டா புரியாது.

சரி, எங்கே தொடங்குவது? 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்த இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் பங்கு விலையை எடுங்கள். 24 மாத முடிவு விலை போதும். விலையை மாதாமாத ஏற்ற இறக்கச் சதவீதமாக மாற்றி, இன்னொரு பொதுத்துறை வங்கியோடு அதன் உடன்மாறுபாட்டைக் கையால் போடுங்கள். அப்புறம் அந்த இரண்டாவது வங்கிக்குப் பதில் ஒரு மருந்து நிறுவனத்தை வைத்துத் திரும்பப் போட்டு, இரண்டு ஜோடிகளின் ஒட்டுறவுக் கெழுவையும் (உடன்மாறுபாட்டை −1 முதல் +1 வரையிலான அளவாக மாற்றியது) ஒப்பிட்டுப் பாருங்கள்.