புயலுக்கு முன்னால் ஊராட்சி ஆபீஸில் முடித்து வைக்க வேண்டிய வேலைகள்

கஜா புயல் கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 விடியற்காலை, வேதாரண்யம் பக்கம். அன்றைக்குத் தமிழ்நாட்டில் எந்த ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரே கிடையாது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்ததோ 2019 டிசம்பரில். நடுவில் இருந்த மூன்று வருஷமும் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான், அதாவது ஒரு பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) கையில் சராசரியாக முப்பது ஊராட்சி. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மறுபடி அதே நிலைமை வந்தது. அதனால் தலைவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடுகிற ஏற்பாடு ஒன்று ஊராட்சிக்கு வேண்டும். 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41வது பிரிவும் இதைத்தான் உள்ளாட்சிகளிடம் கேட்கிறது: ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வை, சாமான்களை உடனே எடுக்கிற நிலையில் வை. எப்படி என்பது மட்டும் சட்டத்தில் இருக்காது.

முதலில் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். ஊராட்சி செயலர் ஐந்து நாள் வர முடியவில்லை, தண்ணீர் டேங்க் ஆபரேட்டர் வீட்டுக் கூரை பறந்துவிட்டது, யாருடைய போனும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டு, எந்தெந்த வேலை நிற்கும் என்று எழுதுங்கள். பெரும்பாலான ஊர்களில் தாளின் முதல் வரி தண்ணீராகத்தான் இருக்கும்.

எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பது டேங்க் ஆபரேட்டரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. ஒரு நாள் காலையில் நோட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே நடங்கள். "நாலாம் வால்வு இங்கதான் சார், புளியமரத்துல இருந்து மூணடி, மண்ணுக்குள்ள" என்பார். புயலில் முதலில் விழப்போவது அந்தப் புளியமரம்தான்! அதனால் அளவை விழாத ஒன்றிலிருந்து எடுங்கள்: பள்ளிக்கூடச் சுவர் மூலை, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவர், அடிபம்பு மேடை. "நாலாவது முழுசா திறந்தா மேலத்தெருவுக்கு ஏறாது, அரைத் திருப்புதான்" என்று அவர் போகிற போக்கில் சொல்வதையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள், இருபது வருஷ அனுபவம் அந்த அரைத் திருப்பில் இருக்கிறது. படமாக வரைந்து மோட்டார் ரூம் சுவரில் பெயின்ட்டில் எழுதிவிடுங்கள். அப்புறம் அவரை வேடிக்கை பார்க்க வைத்துவிட்டு, வேறொரு ஆளைவிட்டு ஒரு நாள் தண்ணீர் திறக்கச் சொல்லுங்கள். படம் சரியா தப்பா என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது ஜெனரேட்டர். கஜாவில் லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன, உள்கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது, வாடகை ஜெனரேட்டர் வைத்துத்தான் பல ஊர்களில் டேங்க் ஏற்றினார்கள். 7.5 ஹெச்பி மோட்டார் என்றால் கணக்குப்படி ஐந்தரை கிலோவாட்தானே என்று சின்ன ஜெனரேட்டரைப் பேசி வைக்காதீர்கள். ஸ்டார்ட் ஆகிற நொடியில் அது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். மழைக்கு முன்னால் ஒருமுறை வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்து, எத்தனை கேவிஏ (ஜெனரேட்டரின் திறன் அளவு) தேவைப்பட்டது என்று சுவரிலேயே எழுதுங்கள். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் இணைக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்கவே கூடாது, நீங்கள் ஓட்டுகிற கரண்ட் பின்பக்கமாக லைனில் ஏறினால் கம்பத்தில் வேலை செய்கிற மின்வாரிய ஊழியரின் உயிர் போகும். புயல் எச்சரிக்கை வந்த அன்றே டேங்கை நிரப்பி வைப்பது தனிக் கதை, அதற்கு ஜெனரேட்டரே வேண்டாம்.

வாடகைச் சாமான்களில் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஜேசிபி, ஜெனரேட்டர், டிராக்டர், மரம் அறுக்கும் மெஷின் என்று எல்லாவற்றுக்கும் உள்ளூர்க்காரர் நம்பரையே எழுதி வைப்பார்கள். புயல் அவரையும்தான் அடிக்கும். மரம் அறுக்கும் மெஷின் மட்டும் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும், ஏனென்றால் ரோட்டில் மரம் கிடக்கும்போது வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. முடிந்தால் ஊராட்சியே இரண்டு வாங்கி, ஓட்டத் தெரிந்த நாலு பேரை வைத்துக்கொள்வது நல்லது. ஜெனரேட்டரையும் ஜேசிபியையும் கடற்கரையிலிருந்து ஐம்பது, அறுபது கிலோமீட்டர் உள்ளே இருப்பவரிடம் பேசுங்கள். மணிக்கு எவ்வளவு, டீசல் யார் செலவு, டிரைவர் பேட்டா எவ்வளவு என்று செப்டம்பரிலேயே விலைப்புள்ளி வாங்கிவிட்டால் நவம்பரில் அவர் மும்மடங்கு சொல்ல முடியாது. சொல்லவே மாட்டார் என்று சத்தியம் செய்யவில்லை, ஆனால் கையில் காகிதம் இருந்தால் வாதாடலாம்.

பணம். ஊராட்சிக் காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவர் கையெழுத்தும் வேண்டும்; இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத ஊர்கள் எத்தனையோ. தனி அலுவலர் காலத்தில் அவர் எந்த ஊரில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதே தெரியாது. அவசரத்துக்கு எவ்வளவு தொகை வரை, எந்தக் கணக்கில், யார் ஒப்புதலில் செலவு செய்யலாம் என்பதை பி.டி.ஓ. ஆபீஸில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். ஜேசிபி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எப்போது நிறுத்தியது, எந்தத் தெரு, டீசல் எத்தனை லிட்டர் என்பதை அன்றன்றே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், கூடவே ஒரு போட்டோ. ஊரே பாராட்டிய வேலைக்கு இரண்டு வருஷம் கழித்துத் தணிக்கைத் தடை, அதாவது கணக்கில் ஆட்சேபணை, வரும்போது காப்பாற்றுவது அந்த நோட்டுதான்.

பதிவேடுகளைப் பொறுத்தவரை ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு வரிக் கேட்புப் பதிவேடு (யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பது), சொத்துப் பதிவேடு, தீர்மான நோட்டு மூன்றையும் ஸ்கேன் செய்து ஒரு பிரதியை ஒன்றிய ஆபீஸில் கொடுங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் எதையும் வைக்காதீர்கள். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டை மூடிய கவரில் போட்டு பி.டி.ஓ.விடம் கொடுங்கள்.

சேதக் கணக்கெடுப்பு வருவாய்த் துறை வேலை, வி.ஏ.ஓ. பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். கஜாவில் விழுந்த தென்னைக்கு அரசு நிவாரணம் மரத்துக்கு 1,100 ரூபாய், அதில் 500 வெட்டி அகற்ற. எண்ணிக்கையில் பத்து மரம் குறைந்தாலே ஒரு குடும்பத்துக்கு 11,000 போய்விடும். ஊராட்சியின் சொத்துக்களையாவது, அதாவது டேங்க், அங்கன்வாடி, தெருவிளக்கு, சிறுபாலம் எல்லாவற்றையும் செப்டம்பரில் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் எப்படி இருந்தது என்று காட்ட முடியாமல், பின்னால் இடிந்ததற்குப் பணம் கேட்பது கஷ்டம்.

ஆட்கள் பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள் யார் என்பது கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கிறது, குழந்தைகள் கணக்கு அங்கன்வாடியில், தனியாக இருக்கும் பாட்டி யார் என்பது மகளிர் குழுவுக்குத் தெரியும். டயாலிசிஸுக்குப் போகிறவரையும் படுத்த படுக்கையாக இருப்பவரையும் கேட்டுச் சேர்த்துக்கொண்டு, தெருவுக்கு இரண்டு பைக் பையன்களைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்குங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077 நல்ல நம்பர்தான், ஆனால் டவர் விழுந்த பிறகு பைக் பையன்தான் தகவல்.

தூய்மைக் காவலர்களும் டேங்க் ஆபரேட்டரும் அதே ஊரில், பெரும்பாலும் அதே மாதிரி ஓட்டு வீட்டில் இருப்பவர்கள். மறுநாள் காலையில் முதல் வேலையாக அவர்கள் வீட்டைப் போய்ப் பாருங்கள், தார்ப்பாய் முதலில் அங்கே போகட்டும். அப்போதுதான் அவர்கள் ஊர் வேலைக்கு வர முடியும். கம்பூட், கையுறை ஸ்டாக்கில் இருக்கிறதா, அளவு சரியா என்பதை இப்போதே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடர் பழசானால் வீரியம் போய்விடும். வழக்கமாக 1,000 லிட்டருக்கு 4 கிராம், அதாவது 30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம். வெள்ளத்துக்குப் பிறகு அது போதாமல் போகலாம், எனவே கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் அளவைப் பார்த்துக் கூட்டுங்கள். குறைந்தது 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், காட்ட வேண்டும்.

இதையெல்லாம் எழுதி முடித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு மெயினை அணைத்து, எல்லார் போனையும் மேஜையில் வாங்கி வைத்துவிட்டு, மதியம் இரண்டு மணிக்குள் கீழத்தெருவுக்குத் தண்ணீர் விட முடிகிறதா என்று பாருங்கள். முதல் தடவை முடியாது. எங்கே நின்றது என்பதைக் குறித்து, அக்டோபர் 2 கிராம சபையில் பட்டியலோடு சேர்த்து வாசியுங்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிற நேரம், கூட்டம் காதுகொடுத்துக் கேட்கும். டீசல் கேன் யார் வீட்டில் இருக்கிறது என்பதையும் அப்போதே சத்தமாகச் சொல்லிவிடுங்கள்.