கல்யாண வேலைக்கு ஆள் வைக்கும்போது எங்கே தவறுகிறோம்?

அக்காவின் கல்யாண ஆல்பத்தில் நான் நான்கு படங்களில்தான் இருக்கிறேன். இரண்டில் காதில் போன். ஜெனரேட்டர் வண்டிக்காரர் எந்த கேட் வழியாக வருவது என்று கேட்கிறார். மேடை போடுகிறவர் ஏணி எங்கே என்கிறார். மண்டப மேனேஜரிடம் போனால், "அதெல்லாம் எங்க வேலை இல்லைங்க" என்று முடித்துவிட்டார். இத்தனைக்கும் ஒரு வெட்டிங் பிளானருக்கு நல்ல தொகை கொடுத்திருந்தோம். அவர் எங்களை ஏமாற்றவில்லை. அழைப்பிதழ், மேடை, போட்டோகிராபர் என்று எல்லாவற்றையும் தேடித் தேர்ந்தெடுத்துத் தருவதாகத்தான் சொல்லியிருந்தார், அதைச் சுத்தமாகச் செய்தும் கொடுத்தார். அன்றைய நாளை நின்று நடத்தித் தருவது அவர் ஒப்புக்கொண்ட வேலையிலேயே இல்லை. எங்கள் வீட்டில் தேடுவதற்கு ஆள் இருந்தது, அன்றைக்கு ஓடத்தான் ஆள் இல்லை.

முதல் தவறு இதுதான்: நமக்கு எது குறைகிறது என்று பார்க்காமல், "பேக்கேஜ் எவ்வளவு?" என்று ஆரம்பிப்பது. சிலருக்கு நேரம் இல்லை. பத்து பேரிடம் விலை கேட்டு ஒப்பிட முடியாது, வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை. சிலருக்கு நேரம் உண்டு, முடிவெடுக்கத்தான் வரவில்லை. எதைப் பார்த்தாலும் பிடிக்கிறது, இல்லையென்றால் எதுவுமே பிடிக்கவில்லை. இன்னும் சிலருக்கு இரண்டிலும் சிக்கல் இல்லை, அந்த ஒரு நாளில் தலை நிமிர விடாமல் வரும் போன்களை எடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். முதல் வகையினருக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை பார்க்கும் முழு நேர பிளானர் சரி. இரண்டாம் வகைக்குப் பகுதி வேலை எடுப்பவரோ, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவரோ போதும். மூன்றாம் வகைக்கு அன்றைய நாளுக்கான ஒருங்கிணைப்பாளர்.

"அன்றைக்கு மட்டும் வந்தால் போதும்"

ஒருங்கிணைப்பாளரைப் பற்றி இருக்கும் பெரிய தவறான எண்ணம் இது. பெயரில்தான் ஒரு நாள். உருப்படியாகச் செய்கிறவர் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார். நீங்கள் போட்ட ஒப்பந்தங்களை எல்லாம் வாங்கிப் படிப்பார், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு வரும் நேரத்தை உறுதி செய்வார், இடத்தை நடந்து பார்ப்பார், பிறகு அட்டவணை போடுவார்.

அந்த அட்டவணையில் என்ன தெரியவரும் என்பதற்கு ஒரு கணக்கு. மாலை 6 மணிக்கு நிகழ்ச்சி. விருந்தினர் 5.30க்கு வரத் தொடங்குவார்கள். அதற்கு முன் அரை மணி நேரம் காலி ஹாலைப் படமெடுக்க வேண்டும் என்கிறார் போட்டோகிராபர். அப்படியென்றால் அலங்காரம் 5 மணிக்குள் முடிந்தாக வேண்டும். அலங்காரக்காரருக்கு ஐந்து மணி நேரம் வேண்டும், மண்டபமோ சாவி கொடுப்பது பிற்பகல் 2 மணிக்கு. இரண்டு மணி நேரம் இடிக்கிறது! இவர்களுடைய ஒப்பந்தங்களைத் தனித்தனியாகப் படித்தால் எதிலும் பிழை இருக்காது, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். ஆறு வாரம் முன்பே தெரிந்தால் மண்டபத்தில் காலையிலேயே கேட்டு வாங்கலாம், அல்லது அலங்காரத்தைக் குறைக்கலாம். அன்றைக்குத்தான் தெரிந்தது என்றால், விருந்தினர் உள்ளே வரும்போது ஏணி மேல் ஆள் நிற்பார்.

முந்தின நாள் இரவு கையில் லிஸ்டைக் கொடுத்தால் எத்தனை கெட்டிக்காரராலும் இதைச் சரிசெய்ய முடியாது. தம்பி கல்யாணத்துக்கு நாங்கள் பிளானரே வைக்கவில்லை, ஒருங்கிணைப்பாளர் மட்டும்தான். ஒன்றரை மாதத்துக்கு முன்பே வந்த அந்தப் பெண் முதல் சந்திப்பில் கேட்டது, "ஏணி மண்டபத்துல இருக்கா, இல்ல அலங்காரக்காரர் கொண்டு வர்றாரா?" அக்கா என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எழுத முடியாது.

மண்டப மேனேஜர் உங்கள் ஆள் இல்லை

"மண்டபத்திலேயே ஒரு கோஆர்டினேட்டர் தர்றாங்க, எதுக்குத் தனியா ஒருத்தர்?" என்று கேட்காத வீடு இல்லை. அவருக்குச் சம்பளம் தருவது மண்டபம். விளக்கு, தண்ணீர், நாற்காலி, சுத்தம், சரியான நேரத்தில் இடத்தைக் காலி செய்ய வைப்பது, இவை அவருடைய பொறுப்பு. "மேக்கப் ஆர்ட்டிஸ்ட் ஒரு மணி நேரம் தாமதமானால் போன் செய்து துரத்துவது யார்?" என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். பதிலில் விஷயம் தெரிந்துவிடும். சிறிய நிகழ்ச்சி, ஒரே இடம், சாப்பாடும் அலங்காரமும் மண்டபத்துடையதே என்றால் அவரே போதும், இன்னொருவருக்குச் செலவு வேண்டியதில்லை.

அலங்காரக்காரர்கள் "எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம்" என்பதையும் இதே கேள்வியை வைத்து உரசிப் பாருங்கள்.

தேவைக்கு மேல் வாங்குவது

குறைவாக வாங்கி அவதிப்படுபவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். எதிர்ப்பக்கமும் உண்டு. பூவின் நிறம் வரை தாங்களே தேர்ந்தெடுக்க ஆசைப்படும் குடும்பம் முழு நேர பிளானரை வைத்தால், அவர் கொண்டு வரும் மூன்று யோசனைகளையும் தள்ளிவிட்டு நான்காவதைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பணம் போவதோடு மனக்கசப்பும் மிஞ்சும்.

இன்னொன்று, காலம். முழு நேர பிளானரால் அதிகப் பயன் கிடைப்பது இடத்தை முடிவு செய்வதற்கு முன்புதான். எத்தனை பேர், எந்த நேரம், வெளி ஆட்களை உள்ளே விடுவார்களா, எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று பாதி விஷயங்களை இடமே தீர்மானித்துவிடும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு முழுத் தொகைக்கு ஆள் வைப்பது, என் கணக்கில், பாதி நஷ்டம். அந்தக் கட்டத்தில் பகுதி வேலைக்குப் பேசுங்கள். எது வேண்டும் என்றே புரியவில்லையா? ஒரு மணி நேர ஆலோசனைக்கு மட்டும் பணம் கொடுத்துப் பேசிப் பாருங்கள். சின்னதாகத் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்வது சுலபம், பெரிதாக ஒப்புக்கொண்டு பாதியில் குறைக்கச் சொன்னால்தான் தகராறு.

"சித்தப்பா பார்த்துக்குவார்" என்பதும் ஒரு வகை ஆள் வைப்புதான். சித்தப்பா கெட்டிக்காரர், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் தவறவிட்டால் கேட்க முடியாது, கேட்டால் அடுத்த பத்து வருடத்துக்குப் பேச்சு இருக்காது. கல்யாணத்துக்கு முந்தின நாளே முடிந்துவிடும் வேலைகளை அவரிடம் கொடுங்கள், அன்றைக்கு அவரை விருந்தினராக இருக்க விடுங்கள்.

காசு, கையெழுத்து

கட்டணம் பெரும்பாலும் மூன்று விதம்: மொத்தமாக ஒரு தொகை, மணிக்கணக்கு, அல்லது மொத்தச் செலவில் ஒரு சதவீதம். சதவீதம் என்றால் 10 முதல் 20 வரை கேட்பது பரவலான வழக்கம். அதில் நீங்கள் செலவைக் கூட்டினால் அவருடைய வரும்படியும் கூடும். இது தப்பு இல்லை, ஆனால் "கொஞ்சம் கூடப் போட்டா பிரமாதமா இருக்கும்" என்று அவர் சொல்லும்போது இது நினைவில் இருக்கட்டும். அவர் பரிந்துரைக்கும் ஆட்களிடமிருந்து கமிஷன் வருகிறதா என்பதையும் நேராகவே கேளுங்கள். நேர்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேசியவர் ஒருவர், அன்றைக்கு வந்து நிற்பவர் வேறொருவர் என்பது அடிக்கடி நடப்பது. யார் வருவார், உடன் எத்தனை உதவியாளர்கள், அதே நாளில் அவருக்கு வேறு கல்யாணம் இருக்கிறதா, உடம்பு சரியில்லை என்றால் மாற்று யார், இவை ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். "திருமண ஒருங்கிணைப்பு" என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எத்தனை சந்திப்புகள், அன்றைக்கு எத்தனை மணி நேரம், நேரம் தாண்டினால் எவ்வளவு, தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்று பிரித்துக் கேளுங்கள். மண்டபம், போட்டோகிராபர் போன்றவர்களுடன் போடும் ஒப்பந்தங்கள் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், ரசீதின் நகலும் உங்களிடம் இருக்கட்டும். பிளானர் பாதியில் விலகினால், மண்டபத்து ரசீதில் அவருடைய பெயர் மட்டும் இருக்கும்போதுதான் நிஜமான தலைவலி தொடங்கும்.