முதல் மனையை வாங்கும்போதே விற்பதை யோசியுங்கள்

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் விளம்பரத்தைப் பார்த்து, இலவச வேனில் ஏறி, அவர்கள் போடும் பிரியாணியைச் சாப்பிட்டு, அங்கேயே டோக்கன் அட்வான்ஸும் கொடுத்துவிட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முதலீட்டுக்காக மனை வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: நாளைக்கு இதை என்னிடம் வாங்குபவருக்கு வங்கி கடன் கொடுக்குமா? கொடுக்காது என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முழுத் தொகையையும் கையில் வைத்திருக்கும் ஆளைத் தேடி அலைந்து, கடைசியில் அவர் சொல்லும் விலைக்குத்தான் தள்ளிவிட வேண்டியிருக்கும்.

செலவுக் கணக்கு முதலில். 20 லட்சம் மனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 1,80,000 ரூபாய். 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும், 2025 ஏப்ரலில் வந்த சலுகை. வக்கீல் ஃபீஸ், புரோக்கர் கமிஷன் எல்லாம் சேர்த்தால், விலை 12 சதவீதமாவது ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். ஆறு மாதத்தில் டபுள் என்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

அப்புறம் அங்கீகாரம். வங்கிக் கடன் கேள்வி இங்கேதான் வருகிறது. சென்னைப் பெருநகர் எல்லைக்குள் சி.எம்.டி.ஏ. (பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), வெளியே டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). 'பஞ்சாயத்து அப்ரூவல்' மட்டும் இருக்கிறது என்றால் நடையைக் கட்டுங்கள். 500 சதுர மீட்டரையும் 8 மனையையும் தாண்டிய புது லேஅவுட் (மனைப்பிரிவு) என்றால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள், அதை ரெரா இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள்.

பத்திரத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். 30 வருட வில்லங்கச் சான்றை, அதாவது ஈசியை, பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், ஆனால் ஈசி சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள், அதில் வருவது பதிவான ஆவணங்கள் மட்டும்தான். பங்கு கேட்காமல் இருக்கும் வாரிசு அதில் வரமாட்டார். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு என்று 2005 சட்டத் திருத்தம் சொல்லிவிட்டது, இன்றும் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்கிறார்கள். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு, அதில் இருக்கிற ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். உரிமையாளர் எழுதிக் கொடுத்த பவரை (அவருக்காக விற்கும் அதிகாரப் பத்திரம்) வைத்து வேறொருவர் விற்கிறாரா? எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள், அவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்தப் பவரும் செல்லாது. மூலப்பத்திரத்தின் ஜெராக்ஸை மட்டும் நீட்டினால் ஒரிஜினல் எங்கோ அடமானத்தில் இருக்கலாம். பட்டாவையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) சர்வேயரிடம் கொடுத்து இடத்தை அளந்துவிடுங்கள். எல்லாக் காகிதத்தையும் நீங்களே பிடித்த வக்கீலிடம் காட்டுங்கள், விற்பவர் சிபாரிசு செய்பவரிடம் இல்லை.

இடத்தை மழைக்காலத்தில் ஒருமுறை பாருங்கள். சென்னையை ஒட்டிய முடிச்சூர் பக்கம் 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பணம் கொடுப்பதில் ஒரு விஷயம். பத்திரத்தில் கைடுலைன் மதிப்பை (அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்பு) மட்டும் போட்டுவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுங்கள் என்பார்கள். சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரியும், லாபம் பெரிதாகத் தெரியும், அதற்கு 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தாலும் 12.5 சதவீத வரி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸை ரொக்கமாக வாங்கக் கூடாது என்றே வருமான வரிச் சட்டம் சொல்கிறது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்டுவது வாங்குபவர் வேலை.

ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாமே என்றால், 60 லட்சம் ஃப்ளாட்டுக்கு மாதம் 15,000 வாடகை வருகிறது என்று வையுங்கள், வருடத்துக்கு 3 சதவீதம்தான், அதிலும் பராமரிப்புச் செலவு போகும். கடன் வாங்கிச் செய்தால் வட்டிக்கே போதாது. மனைக்கும் பணம் பத்தாதவர்கள் ரெய்ட் (REIT) பக்கம் பாருங்கள், பலரிடம் பணம் திரட்டி வாடகை வரும் கட்டிடங்களில் போடும் முதலீட்டு அறக்கட்டளை அது. இந்தியாவில் முதலாவதாக 2019-இல் எம்பஸி என்ற ரெய்ட் பங்குச்சந்தையில் பட்டியலானது, சில நூறு ரூபாய்க்கு ஒரு யூனிட் வாங்கலாம், பகிரத்தக்க வருமானத்தில் 90 சதவீதத்தை அவர்கள் யூனிட்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தாக வேண்டும்.

சரி, மனையே வாங்கிவிட்டீர்கள். பட்டாவை உடனே உங்கள் பெயருக்கு மாற்றி, நான்கு மூலையிலும் கல் நட்டு வேலி போடுங்கள். வருடம் ஒருமுறை ஈசி போட்டுப் பாருங்கள், போலிப் பத்திரக்காரர்கள் தேடுவது யாரும் எட்டிப் பார்க்காத காலி மனையைத்தான்.