இதய அறுவை முடிந்த பிள்ளையோடு வீட்டிலிருந்து டாக்டரை வீடியோவில் பார்ப்பது எப்படி?

எங்கள் மகளுக்கு மூன்று மாத வயதில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. கோலாலம்பூரில் செந்தூல் வீட்டுக்கு வந்தபிறகு வாரம் ஒருமுறை டாக்டரை வீடியோவில் பார்த்தோம். செயலியைப் பற்றி எழுதப்போவதில்லை, ஆஸ்பத்திரி அனுப்பும் இணைப்பைத் தொட்டால் திறந்துகொள்ளும். அழைப்புக்கு முன்னால் நீங்கள் எடுத்துவைக்கும் அளவுகள்தான் முக்கியம்.

முதலில் எடை. காலைப் பாலுக்கு முன்னால், டயப்பர் இல்லாமல், தினமும் அதே நேரத்தில் பாருங்கள். 10 கிராம் வித்தியாசம் காட்டும் குழந்தைத் தராசு வாங்குங்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று உங்கள் எடையைக் கழிக்கும் வேலையே வேண்டாம். ஒற்றைக் கீழறை இதயக் குழந்தைகளுக்காக (ரத்தத்தை இறைக்க ஒரே கீழறைதான் சரியாக வேலை செய்யும் பிள்ளைகள்) அமெரிக்காவின் மில்வாக்கியில் 2000-இல் தொடங்கிய வீட்டுக் கண்காணிப்பில், மூன்று நாளில் 20 கிராம் கூடாவிட்டாலே கூப்பிடச் சொன்னார்கள். பெரியவர் தராசில் அது தெரியவே தெரியாது.

அடுத்து ஆக்சிஜன். நான் தடுமாறியது இங்கேதான். வீட்டுக்கு வந்த இரண்டாம் இரவு, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்றும் இதயத் துடிப்பையும் காட்டும் கருவி (பல்ஸ் ஆக்சிமீட்டர்) ஆக்சிஜன் 71 என்று காட்டியது, கை நடுங்க ஆஸ்பத்திரிக்கு போன் போட்டேன். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "அக்கா, பாப்பா கலர் எப்படி இருக்கு? துடிப்பு எவ்வளவு காட்டுது?" நிறம் நன்றாகத்தான் இருந்தது, வீறிட்டு அழுதுகொண்டிருந்தாள். துடிப்பு 58. அப்படி அழும் குழந்தைக்கு 58 எப்படி வரும்? ஏர்கானில் பாதம் ஜில்லிட்டு, அவள் உதைத்த உதையில் பாதத்தில் சுற்றிய உணரி (சென்சார்) விலகியிருந்தது. பாதத்தை உள்ளங்கையில் சூடாக்கி, உணரியின் விளக்கும் அந்த வெளிச்சத்தை வாங்கும் எதிர்ப்பக்கக் கண்ணும் நேராக நிற்கும்படி மறுபடி சுற்றி, வெளிச்சம் படாமல் மேலே காலுறை போட்டு, திரையில் துடிப்பின் அலை சீராகும்வரை காத்திருந்தேன். 94. பிள்ளை நீலம் பாரித்தாலோ மூச்சுக்குத் தவித்தாலோ மட்டும் இப்படிச் சரிசெய்துகொண்டு நிற்காதீர்கள். கருவி வாங்கும்போது பாதத்தில் சுற்றும் குழந்தை உணரியாகப் பாருங்கள், பெரியவர் விரலில் கவ்வுவது சரிவராது.

ஆக்சிஜன் எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஒற்றைக் கீழறைக் குழந்தைக்கு 75-85 சாதாரணமாக இருக்கலாம், முழுதாகச் சரிசெய்த இதயத்துக்கு அது ஆபத்து.

பால் அளவு, மருந்து நேரம், ஈர டயப்பர் எல்லாம் ஒரே நோட்டில் இருக்கட்டும். எனக்குப் பேப்பர்தான் பிடிக்கும், ராத்திரி மூன்று மணிக்கு யார் விழித்திருந்தாலும் எழுதலாம்.

அழைப்பின்போது சட்டையைக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில், பக்கவாட்டிலிருந்து ஒரு முழு நிமிடம் மூச்சைக் காட்டுங்கள். விலா உள்வாங்குகிறதா என்று டாக்டர் பார்ப்பார். போனை இன்னொருவர் பிடிக்கட்டும். தழும்பை முன்கூட்டியே படமெடுத்து அனுப்பிவிடுங்கள், வீடியோவில் மங்கும்.

பின்சேர்க்கை: நம் மாநிறத் தோலில் நீலம் எப்படித் தெரியும் என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். நாக்கையும் ஈறையும் பாருங்கள். கருத்த தோலில் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், அதனால் எண் நன்றாக இருந்தும் பிள்ளை வாடியிருந்தால் உடனே சொல்லுங்கள்.

இன்னொருவர், அடுத்த அழைப்புவரை பொறுக்கலாமா என்றார். நாக்கு நீலமானாலோ, மூச்சு முனகினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 999. வீட்டு முகவரியை மலாயில் எழுதி ஐஸ்பெட்டியில் ஒட்டிவையுங்கள், பதற்றத்தில் பிளாக் எண்கூட வாயில் வராது.