வைரஸ் புரோமோட்டர் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமீபத்தில் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சி வகுப்பில் மாணவர்கள் போட்டு வந்த வெக்டர் (செடிக்குள் ஜீனைக் கொண்டு போகும் டிஎன்ஏ வளையம்) வரைபடங்களைப் பார்த்தேன். புரோமோட்டர் என்பது ஒரு ஜீன் எந்தத் திசுவில், எவ்வளவு இயங்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டு. வைரஸிலிருந்து அதை எடுத்து வேறு ஜீனோடு இணைப்பதுதான் இங்கே பேச்சு. எங்கள் செட் படிக்கும்போது செய்த அதே தவறுகள், அச்சு மாறாமல் வந்திருந்தன. பிரைமரைத் திருப்பிப் போடுவது, டிப் மாற்ற மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை லேபே கற்றுக் கொடுத்துவிடும். வருடக் கணக்கில் தெரியாமலே இருந்துவிடுகிற தவறுகளைத்தான் சொல்ல வேண்டும்.

தாமிரபரணிப் பாசனத்தில் வயல் வைத்திருப்பவர்களுக்குத் துங்ரோ நோய் தெரிந்திருக்கும். பயிர் குட்டையாகி, இலை மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறும். அதை உண்டாக்கும் இரண்டு வைரஸ்களில் பாசில்லிஃபார்ம் வைரஸ் என்பது டிஎன்ஏ வைரஸ். அது ஃபுளோயத்தை, அதாவது செடியில் சர்க்கரைச் சாறு ஓடும் குழாய்த் திசுவை, தாண்டி வருவதில்லை. துங்ரோவைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சுகிற இடமும் அதேதான். அந்த வைரஸின் புரோமோட்டரும் நெல்லில் ஃபுளோயத்தில்தான் முக்கியமாக வேலை செய்கிறது. அதனால் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு எதிரான ஒரு ஜீனை, பூச்சி வாய் வைக்கும் இடத்தில் மட்டும் இயக்க அது நல்ல கருவி. அரிசி மணியில் அந்தப் புரதம் தேவையில்லையே.

35எஸ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நம்புவது

காலிஃபிளவர் மொசைக் வைரஸின் 35எஸ் புரோமோட்டரை ‘எங்கும் இயங்குவது’ என்று பாடத்தில் படிக்கிறோம். 1980களின் கடைசியில் பென்ஃபே, சுவா என்ற ஆய்வாளர்கள் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தார்கள். −90க்குக் கீழே (ஜீன் படிக்கப்படத் தொடங்கும் இடத்துக்கு 90 டிஎன்ஏ எழுத்து முன்பிருந்து அந்த இடம் வரை) உள்ள பகுதி முக்கியமாக வேரில் இயங்கியது. அதற்கு மேலே −343 வரை உள்ள பகுதி பெரும்பாலும் தண்டிலும் இலையிலும் இயங்கியது. ஆக, எங்கும் என்பது பல சிறு துண்டுகளின் கூட்டு வேலை. அந்தக் கூட்டும் எல்லா உறுப்பிலும் ஒரே அளவாக இருக்காது. கோவில்பட்டிக் கரிசலில் பிடி பருத்தி (புழுவுக்கு நச்சான ஒரு பாக்டீரியாப் புரதத்தின் ஜீன் சேர்த்தது) போட்டவர்களுக்கு இது கைகண்ட விஷயம். 35எஸ் வகைப் புரோமோட்டர் இயக்கும் அந்த நச்சுப் புரதம் இளம் இலையில் நிறைய இருக்கும். காய்ப்புழு நேராகப் போய் உட்காரும் பூச் சூலகத்திலும் காய்த்தோலிலும் குறைவாக இருக்கும்.

நெல்லுக்கு வந்தால் 35எஸ் இன்னும் பலவீனம். மக்காச்சோள யூபிகுவிட்டின் அல்லது நெல் ஆக்டின் புரோமோட்டர்தான் கை கொடுக்கும்.

பக்கத்து 35எஸ்ஸை மறந்துவிடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒரு மாணவர் அம்பை 16 நெல்லில் துங்ரோ புரோமோட்டரைக் கஸ் ஜீனோடு (இயங்கும் இடத்தில் நீல நிறம் காட்டும் ஜீன்) இணைத்துப் போட்டிருந்தார். இலை உறையைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, ஆல்கஹாலில் பச்சையம் போக்கி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். நரம்புக் கட்டில் மட்டும் நீலப் புள்ளி வர வேண்டும். வந்ததோ மேல்தோல் முதல் உள்ளே வரை ஒரே நீலம். “சார், இந்தப் புரோமோட்டர் லீக் ஆகுது, வேற மாத்திருவோமா?” என்றார். நான் வெக்டர் வரைபடத்தை எடுத்து வரச் சொன்னேன். ஹைக்ரோமைசின் மார்க்கர் ஜீனுக்கு (ஜீன் ஏறிய செல்களை மட்டும் அந்த மருந்தில் பிழைக்க வைத்துத் தேர்வு செய்ய வைப்பது) இரட்டை 35எஸ். அதற்கு முதுகு ஒட்டி எதிர்ப்பக்கம் பார்த்தபடி இவருடைய புரோமோட்டர். விஷயம் அங்கேயே முடிந்துவிட்டது.

35எஸ்ஸின் மேல்பகுதி ஒரு பலமான என்ஹான்சர், அதாவது புரோமோட்டரை உசுப்பிவிடும் துண்டு. என்ஹான்சருக்குத் திசை கிடையாது, கொஞ்சம் தூரமும் ஒரு பொருட்டில்லை. அம்மன் கோவில் கொடைக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அந்தத் தெருவுக்கு மட்டுமா கேட்கும்? மார்க்கருக்காக வைத்த என்ஹான்சர் பக்கத்தில் இருக்கும் ஃபுளோயப் புரோமோட்டரையும் எல்லாத் திசுவிலும் எழுப்பிவிடும். மார்க்கரில் உள்ள 35எஸ் பக்கத்து ஜீனின் திசுக் கட்டுப்பாட்டைக் கெடுப்பதை 2005லேயே ஆய்வுக் கட்டுரையாகப் போட்டாயிற்று. இருந்தும் கையில் கிடைத்த வெக்டரில் அப்படியே செருகுகிறார்கள். பி-கேம்பியா வெக்டர் வரிசையில் பெரும்பாலானவற்றில் மார்க்கருக்கு இரட்டை 35எஸ்தான் இருக்கிறது. செருகும் முன் அதைப் பார்க்க வேண்டியது நம் பொறுப்பு.

நஷ்டம் சின்னது இல்லை. கார் பருவத்தில் கேலஸ் (விதையிலிருந்து லேபில் வளர்க்கும் செல் கூட்டம்) வைத்தால், தேர்வு செய்து, செடி எடுத்து, தொட்டியில் தேற்றி, விதை கையில் வரும்போது அடுத்த பருவமான பிசானம் கதிர் விட்டிருக்கும். அதற்குப் பிறகு “புரோமோட்டர் சரியில்லை” என்று ஒரு நல்ல புரோமோட்டரைத் தூக்கிப் போடுகிறார்கள். நேரம் போனதைவிட அந்தத் தப்பான முடிவுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

என்ன செய்யலாம்? மார்க்கருக்கு 35எஸ்ஸுக்குப் பதில் நாஸ் என்ற வேறு புரோமோட்டர் போடுங்கள். அதன் வலு நெல்லில் போதாவிட்டால் மார்க்கரைத் தனி டி-டிஎன்ஏவில் (அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியா செடிக்குள் செலுத்தும் டிஎன்ஏ துண்டு) வைத்து இரண்டையும் சேர்த்துச் செலுத்துங்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில் பதிந்த செடிகளில், அடுத்த தலைமுறையில் மார்க்கரைப் பிரித்தும் விடலாம். எது செய்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கன்ட்ரோல் கட்டாயம்: அதே வெக்டரில், அதே இடத்தில், புரோமோட்டரே இல்லாத கஸ். அது நீலமானால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் வாதமே வேண்டாம்.

வைரஸ் இல்லாமல் சோதித்துவிட்டு வைரஸ் இருக்கும் வயலை நினைப்பது

உளுந்து மஞ்சள் தேமல் வைரஸின் குடும்பமான ஜெமினி வைரஸ்களிலிருந்து புரோமோட்டர் எடுப்பவர்களுக்கு இது. தக்காளி கோல்டன் மொசைக் வைரஸில் கோட் புரதப் (வைரஸின் மேலுறைப் புரதம்) புரோமோட்டர் தானாக எழாது. அதே வைரஸின் ஏசி2 வகைப் புரதம் வந்து இலைத் திசுவில் அதை ஊக்குகிறது, ஃபுளோயத்தில் அதன் மேல் இருக்கும் தடையை நீக்குகிறது. நோயில்லாத செடியில் பார்த்த முடிவை, இந்த வைரஸ்களைப் பரப்பும் வெள்ளை ஈ மொய்க்கும் வயலுக்கு அப்படியே சொல்லக் கூடாது.

புகையிலையில் பார்த்ததை நெல்லுக்குச் சொல்வது

துங்ரோ புரோமோட்டர் நெல்லின் சொந்தப் புரதமான ஆர்எஃப்2ஏவைப் பிடித்துக்கொண்டு வேலை செய்கிறது. அது இல்லாத செடியில் பார்த்து என்ன பயன்?

ஒரே செடியை நம்புவது

வேண்டாம். டி-டிஎன்ஏ விழுந்த இடத்தைப் பொறுத்து எல்லாமே மாறும்.

இன்ட்ரான் இல்லாத கஸ்

அக்ரோபாக்டீரியமே நீலமாகும். இன்ட்ரான் (செடி வெட்டி எறிந்துவிடும், பாக்டீரியாவால் முடியாத இடைத்துண்டு) உள்ளதையே வாங்குங்கள்.

35எஸ் பிசிஆர் வந்தால் மரபணு மாற்றப் பயிர் என்று எழுதிவிடுவது

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் மாதிரியில் இயற்கையாகவே 35எஸ்ஸின் சொந்தக்காரரான காலிஃபிளவர் மொசைக் வைரஸ் இருக்கலாம். வைரஸின் வேறொரு ஜீனுக்கும் பிசிஆர் போட்டுப் பாருங்கள். அதுவும் வந்தால் செடிக்கு நோய் இருக்கிறது. அந்த 35எஸ்ஸை மட்டும் வைத்து மரபணு மாற்றம் என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது.